கலெக்‌ஷன் விழுந்துவிட்டதா? பணம் கட்டுமுன் காகிதத்தைக் கேளுங்கள்

கலெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து, அதாவது கட்டாமல் விட்ட பில்லை வசூலிக்கும் கம்பெனியிலிருந்து, போன் வந்தால் நம் ஆட்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். பதறிப்போய் அந்த நிமிஷமே டெபிட் கார்டு நம்பரை வாசித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் நம்பரை பிளாக் செய்துவிட்டு, வீட்டு லோனுக்கு விண்ணப்பிக்கும் நாள்வரை அந்த நினைப்பே இல்லாமல் இருக்கிறார்கள். முதல் வகையினர் கட்டவேண்டாததையும் கட்டுகிறார்கள். இரண்டாம் வகையினருக்கு லோன் ஆபீசர் சொல்லித்தான் விஷயமே தெரிகிறது.

நான் நியூ ஜெர்சியில் மெடிக்கல் பில்லிங் வேலையில் இருப்பவள். கட்டாத பில்களை ஏஜென்சிக்கு அனுப்பும் பட்டியல் தயாராவது எங்கள் மேசையில்தான். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில் கவரும் கையுமாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு; ஊரில் இருக்கும் சிபில் விவகாரத்துக்கு விதிகள் வேறு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடன் உங்களுடையது, தொகை சரி, தேதியும் சரி என்றால் கிரெடிட் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி இருக்கும் வரியை (அந்தப் பதிவைத்தான் கலெக்‌ஷன் என்கிறோம்) எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டப்படி யாரையும் நெருக்க முடியாது. "நூறு சதவீதம் நீக்கித் தருகிறோம்" என்று எவர் சொன்னாலும் பொய். ஆனால் கடன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது தேதி மாறும், தொகை ஏறும், பெயர் குழம்பும். நாம் பிடிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் என்ற தளம்தான் சட்டப்படி அமைந்தது. நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் பியூரோக்களின் ரிப்போர்ட்டையும் இப்போது வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். மூன்றையும் எடுங்கள், சில ஏஜென்சிகள் ஒன்றில் மட்டும் பதிந்திருக்கும். போனில் ஸ்கோர் காட்டும் ஆப் இதற்குப் போதாது, அதில் நமக்கு வேண்டிய விவரங்கள் பாதி இருக்காது. பிடிஎஃப் ஆக இறக்கி, தேதி போட்டு சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கலெக்‌ஷன் வரியிலும் பார்க்கவேண்டியவை: ஏஜென்சியின் பெயர், முதலில் கடன் கொடுத்தவர் யார், தொகை, முதன்முதலில் தவணை தவறிய தேதி. இந்தக் கடைசித் தேதிதான் உயிர்நாடி. கணக்கு "ஓப்பன்" ஆன தேதி என்று இன்னொன்று இருக்கும். அது ஏஜென்சி உங்கள் கடனை விலைக்கு வாங்கிய தேதி, அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 1970-ல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி ஒரு கலெக்‌ஷன் ஏறக்குறைய ஏழு வருஷம்தான் ரிப்போர்ட்டில் இருக்கலாம். அந்த ஏழு வருஷம் முதல் தவணை தவறியதை வைத்தே எண்ணப்படும். 2020 மார்ச்சில் கட்டுவதை நிறுத்திய கார்டு 2023-ல் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டாலும் 2027-ல் போயாகவேண்டும். நடுவில் நூறு டாலர் கட்டினாலும் ரிப்போர்ட்டின் கெடு மறுபடி ஆரம்பிக்காது. விற்ற தேதியிலிருந்து புதிதாக எண்ணியிருந்தால் அது சட்டமீறல். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வேறு வாதமே வேண்டாம், அதை மட்டும் எழுதினால் போதும்.

வழக்குப் போடுவதற்கான காலக்கெடு தனி. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கார்டு கடன் போன்றவற்றுக்கு நியூ ஜெர்சியில் 6 வருஷம், டெக்சாஸில் 4, நியூயார்க்கில் 2022 முதல் 3. பல மாநிலங்களில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடன் என்னுடையதுதான் என்று எழுதிக்கொடுத்தாலோ செத்துப்போன கெடுவுக்கு உயிர் வந்துவிடும். "நல்லெண்ணத்துக்கு ஒரு ஐம்பது டாலராவது போடுங்கள் சார்" என்று குழைந்து பேசுவது சில சமயம் இதற்காகத்தான். பழைய கடன் என்றால் உங்கள் மாநிலத்தின் கெடுவைப் பார்க்காமல் ஒரு சல்லிக்காசு தரவேண்டாம்.

போன் வந்தால் பேச்சு இவ்வளவுதான்: "உங்கள் கம்பெனி பெயர், அஞ்சல் முகவரி சொல்லுங்கள். விவரங்களை எழுத்தில் அனுப்புங்கள். நன்றி." சோஷியல் செக்யூரிட்டி எண்ணை உறுதி செய்யாதீர்கள், பேங்க் அக்கவுண்ட் எண் வேண்டவே வேண்டாம், "ஆமாம், அது என் பில்தான்" என்றும் சொல்லாதீர்கள். காலை எட்டுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக்கூடாது. ஒரு கடனுக்காக ஏழு நாளில் ஏழு முறைக்கு மேல் கூப்பிட்டால் அதுவும் தொல்லை என்று கருத இடமுண்டு.

முதல் தொடர்பிலிருந்து ஐந்து நாளுக்குள் அவர்கள் கடன் விவரம் அடங்கிய நோட்டீஸ் தரவேண்டும். 2021 நவம்பர் 30-க்குப் பிறகு இதற்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. எந்தத் தேதியில் எவ்வளவு இருந்தது, அதன்பின் வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். கீழே கிழித்து அனுப்பும் துண்டில் "இது என் கடன் அல்ல", "தொகை தவறு" என்று கட்டங்கள். கையில் கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு: உங்களைத் தொடர்புகொள்ள முயலாமலே கடனை ரிப்போர்ட்டில் நைசாகப் போட்டுவிட்டு, நீங்களாகக் கண்டுபிடித்து ஓடிவரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

இனி பெயர் விவகாரம். இதை நம்மவர்கள்போல யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள். அப்பா பெயரே லாஸ்ட் நேம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே லாஸ்ட் நேம், ஒரே முதலெழுத்து, ஒரு காலத்தில் ஒரே அபார்ட்மென்ட் முகவரி. ஒருவர் கார்த்திக், மற்றவர் கார்த்திகேயன் என்றால் கேட்கவே வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்றால் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். ஆஸ்பத்திரி கணினியில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருக்கும். இதனால் இன்னொருவர் கடன் உங்கள் ஃபைலில் வந்து உட்காரும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பெயர்கள், பழைய முகவரிகள், வேலை பார்த்த இடங்கள் எல்லாவற்றையும் படியுங்கள். நீங்கள் குடியிருந்திராத முகவரி ஒன்று தென்பட்டால் அதையும் சேர்த்து நீக்கச் சொல்லுங்கள். அது இருக்கும்வரை அடுத்த கடனும் அந்த வழியாகவே உள்ளே வரலாம்.

யாரோ உங்கள் பெயரில் வேண்டுமென்றே கடன் வாங்கியிருந்தால் வழி வேறு. ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார் பதிந்து, அந்த அறிக்கையையும் அடையாள ஆவணத்தையும் பியூரோக்களுக்கு அனுப்பினால் நான்கு வேலை நாளுக்குள் அந்த வரிகளை மறைக்க வேண்டும்.

மெடிக்கல் கலெக்‌ஷன் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2022 ஜூலையிலிருந்து, கட்டி முடித்த மெடிக்கல் கலெக்‌ஷன் எதையும் மூன்று பியூரோக்களும் காட்டுவதில்லை. கட்டாததும் ஒரு வருஷம் ஆனபிறகுதான் வரும். 2023 ஏப்ரலிலிருந்து, ஆரம்பத் தொகை 500 டாலருக்குக் குறைந்ததும் வராது. மிச்சம் இருந்த எல்லா மருத்துவக் கடனையும் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்க 2025 ஜனவரியில் ஒரு மத்திய விதி வந்தது. அதை அந்த ஜூலையிலேயே டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. "மெடிக்கல் எல்லாம் ரிப்போர்ட்டில் வராதாமே" என்று வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றுவது அந்தப் பழைய செய்திதான். கொலராடோ, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் போட்டிருக்கின்றன. உங்கள் மாநிலத்தையும் பாருங்கள்.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் இஓபியை, அதாவது அவர்கள் எவ்வளவு கட்டினார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று விளக்கும் தாளை, எடுங்கள். சிகிச்சைத் தேதியை வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். "நோயாளியின் பொறுப்பு" என்ற பத்தியில் இருக்கும் தொகைதான் நீங்கள் கட்டவேண்டியது. நெட்வொர்க்கில் இருக்கும், அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர் அதற்கு மேல் கேட்க முடியாது. எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு குறி இருக்கும்: பிஆர் என்றால் நோயாளி தலையில், சிஓ என்றால் ஆஸ்பத்திரி தலையில். சிஓ 29 என்றால் ஆஸ்பத்திரி கெடுவுக்குள் க்ளெய்ம் அனுப்பவில்லை என்று பொருள். நெட்வொர்க் ஒப்பந்தத்தின்படி அந்த நஷ்டம் பொதுவாக அவர்களுடையது. ஆனாலும் அந்தப் பில் நோயாளி பெயருக்குப் போய், அங்கிருந்து ஏஜென்சிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரரை அழைத்து "இந்த க்ளெய்ம் எந்தக் குறியில் மறுக்கப்பட்டது, சிஓவா பிஆரா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் நோயாளியிடம் பில்லிங் ஆபீசில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவோம்.

அடுத்தது, கடனை விற்காமல் வசூலுக்கு மட்டும் ஏஜென்சியிடம் ஒப்படைத்திருந்தால், அதாவது ஆஸ்பத்திரி பில்லில் அடிக்கடி நடப்பதுபோல, ஆஸ்பத்திரியால் அதைத் திரும்பப் பெறமுடியும். ஏஜென்சியோடு மல்லுக்கட்டுவதைவிட ஆஸ்பத்திரியின் பில்லிங் சூப்பர்வைசரிடம் "அக்கவுண்ட்டை ரீகால் செய்யுங்கள், ரிப்போர்ட்டிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள்" என்று இஓபியோடு எழுதுவது பல நேரம் சீக்கிரம் முடியும். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால், வீடு திரும்பியபின் வந்த முதல் பில்லிலிருந்து 120 நாள் ஆகாமல் கிரெடிட் பியூரோவுக்குப் போகக்கூடாது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க 240 நாள் வரை உண்டு. நியூ ஜெர்சியில் சாரிட்டி கேர் என்று கேட்டாலே படிவம் தருவார்கள். வேலை போய் விசா கெடுவை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள்கூட கௌரவம் பார்த்து அதைத் தொடுவதில்லை. தொடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனால், வாசலிலேயே ஒரு டேப்லெட்டை நீட்டுவார்கள். பல கையெழுத்துகளில் ஒன்று "காரன்டர்", அதாவது பில்லுக்கு நான் பொறுப்பு என்பது. பதற்றத்தில் மகன் போட்டுவிடுவார். விசிட்டர் இன்சூரன்ஸ் கைவிரித்தால் கடன் மகன் பெயரில் நிற்கும். ஏஜென்சி கேட்டால் அந்தக் கையெழுத்தின் நகலைக் கேளுங்கள். கையெழுத்து இல்லையென்றால், ஒரே முகவரி என்பதற்காகப் பெரியவர்களின் பில்லைப் பொதுவாகப் பிள்ளை மேல் போட முடியாது.

மெடிக்கல் அல்லாதவற்றில் நம்மிடம் அடிக்கடி வருவது இரண்டு. அபார்ட்மென்ட் காலி செய்தபின் கார்பெட், பெயின்ட் என்று போடும் கட்டணம் ஒன்று. திருப்பிக் கொடுத்த மோடத்துக்கு இன்டர்நெட் கம்பெனி போடும் பில் மற்றொன்று. முன்னதுக்குக் காலி செய்த அன்று எடுத்த வீடியோவும் டெபாசிட் கணக்கும் வேண்டும், பின்னதுக்குக் கூரியர் ரசீது. அவை இருந்தால் வேலை எளிது. பார்க்கிங் அபராதம், நூலக அபராதம் போல, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வந்த பாக்கிகளை ரிப்போர்ட்டில் போடுவதில்லை என்று மூன்று பியூரோக்களும் 2015-ல் மாநில அட்டர்னி ஜெனரல்களிடம் ஒப்புக்கொண்டன. அப்படி ஒன்று இருந்தால் தயங்காமல் மறுக்கலாம்.

இப்போது கடிதம். ஆன்லைனில் கட்டம் தட்டி மறுப்பது சுலபம்தான், ஆனால் நான் தபாலையே சொல்வேன். தபாலாபீசில் சர்டிஃபைட் மெயில், ரிட்டர்ன் ரசீது என்று கேளுங்கள். பச்சை அட்டை ஒன்றைக் கவரின் பின்னால் ஒட்டுவார்கள். சேர்ந்தபின் அது கையெழுத்தோடு உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். நாளைக்கு வக்கீலிடம் போனால் அவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

கடிதம் நீளமாக வேண்டாம். பியூரோக்கள் நம் புகாரை இ-ஆஸ்கார் என்ற கணினி அமைப்பில் ஒரு சின்னக் குறியாகச் சுருக்கித்தான் ஏஜென்சிக்கு அனுப்புகிறார்கள். மூன்று பக்கம் மனக்குமுறல் எழுதினாலும் அங்கே போவது "தொகை தவறு" என்ற அளவில்தான். ஒரு கடனுக்கு ஒரு காரணம், அதற்கு ஒரு ஆதாரம். ஆங்கிலத்தில் எழுதவேண்டியதன் சாரம் இது:

"என் ரிப்போர்ட்டில் இந்த ஏஜென்சி, இந்த எண்ணில் முடியும் கணக்கில், 640 டாலர் பாக்கி என்று காட்டியிருப்பது தவறு. இந்தத் தேதி சிகிச்சைக்கான பில்லை என் இன்சூரன்ஸ் முழுமையாகச் செலுத்திவிட்டது. நோயாளி பொறுப்பு பூஜ்யம். இஓபியின் நகல் இணைத்துள்ளேன். இந்த வரியை நீக்கி, விசாரணையின் முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்."

கூடவே டிரைவர் லைசென்ஸ் நகல், முகவரிக்கு ஒரு மின்கட்டண பில், ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தில் வரியை வட்டமிட்ட நகல். அசல் எதையும் அனுப்பாதீர்கள். எந்தெந்த பியூரோவில் இருக்கிறதோ அவற்றுக்குத் தனித்தனியாகவும், ஏஜென்சிக்கு ஒன்றும் அனுப்புங்கள்.

பியூரோ 30 நாளில் விசாரித்து முடிக்கவேண்டும். ஆண்டு இலவச ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியிருந்தாலோ, நடுவில் கூடுதல் ஆவணம் அனுப்பினாலோ 45 நாள். ஏஜென்சியால் உறுதிப்படுத்த முடியாவிட்டால் நீக்கியாக வேண்டும். யூடியூபில் "609 லெட்டர்" என்று ஒரு மந்திரம் விற்கிறார்கள். 609-ஆம் பிரிவு உங்கள் ஃபைலில் உள்ளதை உங்களுக்குக் காட்டவேண்டும் என்று சொல்வது, நீக்குவதைப் பற்றியது அல்ல. எல்லா வரிக்கும் "என்னுடையதல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாலும் அற்பப் புகார் என்று தள்ளிவிட அவர்களுக்கு உரிமை உண்டு.

"சரிபார்த்தாகிவிட்டது" என்று ஒரு வரியில் பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். எப்படிச் சரிபார்த்தார்கள் என்ற விவரத்தை எழுதிக் கேட்கலாம், 15 நாளில் தரவேண்டும். அப்புறம் மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியின் தளத்திலும் மாநில அட்டர்னி ஜெனரலிடமும் புகார். ஆதாரம் உறுதியாக இருந்தும் அசையவில்லை என்றால் நுகர்வோர் வக்கீல். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 100 முதல் 1,000 டாலர் வரை இழப்பீடு சட்டத்திலேயே உண்டு. ஜெயித்தால் வக்கீல் கட்டணம் எதிராளி தருவதால், முன்பணம் கேட்காத வக்கீல்கள் கிடைப்பார்கள்.

கடன் நிஜமாகவே உங்களுடையது, ஏழு வருஷமும் ஆகவில்லை என்றால் மிச்சம் இருப்பது பேரம். முழுத்தொகையோ பேசிய தொகையோ கட்டுகிறேன், நீங்கள் ரிப்போர்ட்டிலிருந்து எடுங்கள் என்பது. பியூரோக்களுக்கு இது பிடிக்காது, ஏஜென்சிக்கும் ஒத்துக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் நடக்கிறது. கணக்கு எண், தொகை, மூன்று பியூரோவிலிருந்தும் நீக்கக் கோருவோம் என்ற வாக்கியம் மூன்றும் அவர்கள் லெட்டர்ஹெட்டில் வந்தபின்தான் பணம். அதையும் கேஷியர் செக்காகக் கொடுங்கள். பேங்க் அக்கவுண்ட்டிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ள அனுமதி தராதீர்கள். 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி ஆனால் அதைக் காட்டும் 1099-சி என்ற வருமான வரிப் படிவம் வரலாம், அந்தத் தொகை உங்கள் வருமானத்தில் சேரும். வரி பார்ப்பவரிடம் அதைக் காட்டுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மொத்தக் கடன் சொத்தைவிட அதிகமாக இருந்திருந்தால், அப்படிச் சேராமல் விலக்க 982 படிவம் கைகொடுக்கும்.

நீக்க மறுத்தாலும் கட்டுவதில் பலன் இல்லாமல் இல்லை. வான்டேஜ்ஸ்கோர், ஃபைகோ என்பவை கிரெடிட் ஸ்கோர் கணக்கிடும் முறைகள். அவற்றில் வான்டேஜ்ஸ்கோர் 3, 4, ஃபைகோ 9, 10 எல்லாம் கட்டிமுடித்த கலெக்‌ஷனைக் கணக்கில் எடுப்பதில்லை. ஃபைகோ 8 எடுக்கும். வீட்டு லோன்காரர்கள் பல வருஷமாகப் பார்த்துவந்தது அதைவிடப் பழைய பதிப்புகளை. அதனால் லோனுக்குப் போகிறவர்கள் எந்தப் பதிப்பைப் பார்க்கிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கிரெடிட் ரிப்பேர் கம்பெனி பற்றிக் கேட்பீர்கள். அவர்கள் செய்வது மேலே சொன்ன கடிதம்தான். வேலையை முடிக்கும்முன் காசு வாங்கக்கூடாது என்று 1996 முதல் சட்டம் இருக்கிறது. முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்குப் பதில் சிபிஎன் என்று புது ஒன்பது இலக்க எண் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் இன்னும் வேகமாக. லோன் விண்ணப்பத்தில் அதை எழுதினால் குற்றவழக்கு நம் மேல் வரும், விசாவில் இருப்பவருக்கு அதன்பின் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நீக்கியாயிற்று என்று பதில் வந்தபின், அடுத்த சில மாதங்கள் மூன்று ரிப்போர்ட்டையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஏஜென்சி புது ஆதாரம் கொடுத்தால் அதே வரி திரும்ப வரலாம்; வந்தால் ஐந்து வேலை நாளுக்குள் பியூரோ உங்களுக்கு எழுதவேண்டும். எழுதாமல் போட்டிருந்தால் அடுத்த கடிதத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கடனை இன்னொரு ஏஜென்சிக்கு விற்றிருந்தால் வேறு பெயரில் தலைகாட்டும். அப்போது முடிவுக் கடிதம், பச்சை அட்டை, இஓபி மூன்றையும் நகலெடுத்து அதே உறையில் புதியவருக்கு அனுப்புங்கள்.